என் பெயரில் போன லிங்க்

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஆன்லைன் சேவை மையம் நடத்துகிறேன். ஒரு வாரமாகக் கடைக் கம்ப்யூட்டர் ஆமையாக ஊர்ந்தது. 'வேகமாக்கித் தருகிறோம், இலவசம்' என்று முகநூலில் ஒரு லிங்க் வந்தது. என் முகநூல் பாஸ்வேர்டைக் கேட்டது, யோசிக்காமல் கொடுத்தேன். வேகம் கூடவில்லை, அதோடு விட்டுவிட்டேன்.

மறுநாள், அடி அண்ணாமலையில் பிளவுஸ் தைக்கும் செல்வி அழுதுகொண்டே வந்தார். அவருடைய முகநூல் கணக்கை யாரோ பிடுங்கி, அவர் பெயரில் ஆபாசப் படங்களைப் போட்டிருந்தார்கள். பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"கண்ட லிங்க்கையும் எதுக்கும்மா அமுக்குறீங்க? கொஞ்சமாவது அறிவு வேணாமா?" வரிசையில் நின்றவர்கள் முன்னால் கத்தினேன்.

செல்வி போனை நீட்டினார். "நீங்க அனுப்புனதுதான மேடம்? அதான் நம்பி அமுக்கிட்டேன்."

'இந்த வீடியோவில் இருப்பது நீங்களா?' என்ற வரிக்கு மேலே என் பெயர், என் போட்டோ. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"என் அக்கவுன்ட்டையும் எவனோ திருடிட்டான்மா" என்றேன். பாஸ்வேர்டை நானே கொடுத்தேன் என்று சொல்லவில்லை. கத்தியதற்கு மன்னிப்பும் கேட்கவில்லை.

செல்விக்காகச் சைபர் கிரைம் போலீஸுக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில் படங்களை நீக்கிவிட்டார்கள். அதற்குள் செல்வியின் மாமியார் வீட்டில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"நீங்க இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேனோ மேடம்" என்று செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தலையாட்டினேன்.

படம் போட்டவன் யாரென்றே தெரியாது. தலையாட்டியவளைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். அருவருப்பு அவள்மேல்தான் அதிகம். இதைச் செல்வி படிக்கட்டும்.