முட்டிக்குள் ஒரு முக்கோணம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாச்சியாரைப் பல்லக்கில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளில் நானும் ஒருவன். உயரம் பார்த்துத்தான் தண்டுக்கு ஜோடி சேர்ப்போம். என் உயரத்துக்கு ஊரில் இருப்பது என் சேக்காளி ஒருவன்தான். எங்களில் ஒருவனுக்குக் கால் தளர்ந்தால் பல்லக்கே சாய்ந்துவிடும். ஆடிப்பூரம் நெருங்குகிற சமயம் பார்த்து என் வலது முழங்கால் படியிறங்கும்போதெல்லாம் பூட்டிக்கொள்ள ஆரம்பித்தது.

உள்ளூரில் காட்டினால் விஷயம் தெரு முழுக்கப் பரவிவிடும் என்று பயந்து, ஸ்கேன் எடுக்க மனைவியோடு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். ஸ்கேன் என்றாலே வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. பிள்ளை உண்டாகியிருந்தபோது அவளுக்கு அப்படித்தான் எடுத்தார்கள். என்னையும் செம்பு செம்பாகக் குடிக்க வைத்தாள். முட்டிக்கு எதற்குத் தண்ணீர் என்று நர்ஸம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றுமில்லை என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டார்களா என்று இருந்தது.

டாக்டர் ஜில்லென்று ஜெல்லைத் தடவி, கருவியை முட்டியின் உள்பக்கம் வைத்தார். திரையில் இரண்டு எலும்புக்கு நடுவே வெளுப்பாக ஒரு முக்கோணம். அதுதான் ஜவ்வு, படுத்திருக்கும்போது இடத்தில்தான் இருக்கிறது என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தார். அப்போதும் அது அசையவில்லை.

என் மனைவிதான் வாயைத் திறந்தாள். "பாரம் அம்புட்டும் இடது காலுல இருக்கு டாக்டர். அவிய நிக்கதே அப்பிடித்தான்."

உண்மைதான். வலிக்கிற காலை விட்டுவிட்டு, வெளியே தெரியாமல் மற்றக் காலில் பாரத்தை வாங்கிக்கொள்வது பல்லக்குத் தூக்குகிறவன் உடம்பில் ஊறிய வித்தை. என்னை அறியாமலே அப்படி நின்றிருக்கிறேன்.

டாக்டர் என் இடது குதிகாலைத் தூக்கச் சொல்லிவிட்டு, அவளை என் வலது தோளில் அமுக்கச் சொன்னார். தண்டு பட்டுக் காய்த்துப்போன அதே இடத்தில் இரண்டு கையையும் வைத்து அமுக்கினாள். முக்கோணம் எலும்பின் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கியது. அவள் கையை எடுத்ததும் உள்ளே போனது. என் கண்ணாலேயே பார்த்தேன்.

ஜவ்வு கிழிந்திருக்கலாம், முழுசாகத் தெரிய எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், அதுவரை பாரம் தூக்கவே கூடாது என்றார். இந்த ஒரு ஆடிப்பூரம் மட்டும் என்று கெஞ்சினேன். கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்தேன்.

"உங்க வீட்டம்மா கைக்கே வெளிய வருதேய்யா" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்றாள். சேக்காளிக்குப் போன் போட்டு, தண்டுக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னேன்.

"ஏலே, உன் உசரத்துக்கு நான் எங்க போவேன்?" என்றான்.