மாசானம் பிரித்த ஹார்ட் டிஸ்க்

தாராவியில் எங்கள் சந்தில் அண்ணன் தம்பி பிரிவதென்றால் வக்கீலிடம் போக மாட்டார்கள், மாசானத்திடம் போவார்கள். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு இன்ச் டேப் இருக்கும். பத்துக்குப் பத்து அறையை, தண்ணீர்க் குழாயை, ஏன், ஒற்றை கிரைண்டரைக்கூட இரண்டு குடும்பத்துக்குப் பங்கு வைத்த மனிதர். தீர்ப்புச் சொன்ன வீட்டில் கை நனைக்காமல் எழுந்ததே இல்லை. தான் பிரித்துவிட்ட அண்ணன் தம்பிகள் அதற்கப்புறம் சண்டை போட்டதில்லை என்று பெருமையாகச் சொல்வார். உண்மைதான். பேசினால்தானே சண்டை வரும்.

அவர் முதலில் பிரித்தது தன் சொந்த வீட்டை. தம்பிக்கும் தனக்கும் நடுவே ஒரு பிளைவுட் தட்டி. அம்மாவுக்கு மாதம் மாறி மாறிச் சோறு. அந்த அம்மா தம்பியின் மாதத்தில் இறந்துபோனாள். காரியச் செலவு முழுக்கத் தம்பியுடையது என்று மாசானமே தீர்ப்புச் சொன்னார். அப்படி ஒரு நியாயஸ்தர்.

போன ஆவணியில் அவருக்குப் புதுமாதிரி வழக்கு ஒன்று வந்தது. முறுக்குப் பட்டறை பிச்சம்மாளின் பிள்ளைகள் இசக்கிதுரையும் வெயிலுமுத்துவும் ஏற்கெனவே அவர் கையால் வீடு பிரிந்தவர்கள்தான். பட்டறையும் அம்மாவும் மட்டும் பொது. அம்மா இங்கே ஒரு மாதம், அங்கே ஒரு மாதம் என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பட்டறை ஆர்டர்களைப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமென்று இளையவன் வெயிலுமுத்து சாமான்களைத் தனித்தனியாக வாங்கி, யூடியூப் பார்த்துத் தானே பூட்டினான். அவன் பூட்டிய முதல் பெட்டி. ஹார்ட் டிஸ்கைத் திருகி முடுக்கி, வயர் செருகி, பென்டிரைவிலிருந்து ஓ.எஸ். போடப் போனபோது, இடத்தை எப்படிப் பிரிக்கட்டும் என்று திரை கேட்டது. பிரிக்கிற பேச்சு வந்ததும் மூத்தவன் இசக்கிதுரை வேலையை நிறுத்திவிட்டு மாசானத்துக்கு ஆள் அனுப்பினான்.

மாசானம் வந்து பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"வாசல் எந்தப் பக்கம்லே?"

"இதுக்கு வாசல் கெடையாது மாமா," என்றான் வெயிலுமுத்து. "ஆனா ஓ.எஸ். ஒரு பங்குல உக்காரணும். அது இல்லன்னா பெட்டி ஓடாது."

"என் பங்குல வேண்டாம். எனக்கு எடம் கொறஞ்சிரும்," என்றான் இசக்கிதுரை.

"எனக்கு மட்டும் கொறையாதோ?"

மாசானம் டேப்பை எடுத்தார். அளப்பதற்கு எதுவும் இல்லாததால் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஜகடா வேண்டாம், சண்டை போடாதிய. மொதல்ல தாய்க்கு ஒரு பங்கு, அதான் மொறை. மிச்சம் ஆளுக்குச் சரிபாதி. அந்த ஓ.எஸ். சனியன அம்மை பங்குல உக்கார வைங்க. தாய்தானடே சொமக்கணும்."

"அம்மைக்கு எவ்வளவு ஒதுக்க?"

"உக்காந்தா முட்டு இடிக்காத அளவுக்குப் போதும். அவளுக்கு எதுக்கு எடம்?"

அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த பிச்சம்மாள் திரும்பவில்லை. மாசானம் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பிள்ளைகள் தங்கள் பங்கைப் பொன்போலக் காத்தார்கள். அதில் எதையும் வைக்கவே இல்லை. ஆர்டர், பில், மச்சினன் கல்யாண வீடியோ எல்லாவற்றையும் திறந்தவுடன் கண்ணில் படட்டும் என்று டெஸ்க்டாப்பில் கொட்டினார்கள். டெஸ்க்டாப் இருப்பது அம்மா பங்கில். தீபாவளி நெருக்கத்தில், கடைகளுக்குச் சரக்குப் போக வேண்டிய நாளில், அம்மா பங்கு நிரம்பிப் பெட்டி மூச்சடைத்து நின்றது. பக்கத்தில் இரண்டு பெரிய பங்குகள் காலியாகக் கிடந்தன. எந்த டப்பா எந்தக் கடைக்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தீபாவளி தவறினால் பட்டறைக்கு அந்த வருஷமே இல்லை.

மறுபடி மாசானம் வந்தார்.

"ஆளுக்குக் கொஞ்சம் அம்மைக்கு விட்டுக் குடுங்க," என்றார்.

"பிரிச்சா பிரிச்சதுதான்னு நீங்கதானே சொன்னிய," என்றான் இசக்கிதுரை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தம்பி அவன் பக்கம் நின்றான்.

பிச்சம்மாள் எண்ணெய்ச்சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். "அப்பம் என் பங்க அழிச்சிரு, எய்யா. எனக்கு எதுக்கு எடம்?"

"அத அழிச்சா பெட்டி எந்திரிக்காதும்மா," என்றான் வெயிலுமுத்து.

"பெட்டிக்காவது தெரியுதே."

ஓலைக் கொட்டானில் முறுக்கு வாங்கப் போயிருந்த எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள் என்றாலும்.

"எல்லாக் கோட்டையும் அழிச்சிட்டு ஒண்ணாப் போடுலே," என்றான் இசக்கிதுரை. வெயிலுமுத்து பென்டிரைவ் வழியாகப் பெட்டியை எழுப்பி, ஆர்டர்களை அதிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, டிஸ்கைத் துடைத்து, ஓ.எஸ்.ஸை முதலிலிருந்து போட்டான். சாயங்காலம் டெம்போ கிளம்பியது. மாசம் முடிந்தும் பிச்சம்மாளின் தலையணை மூத்தவன் வீட்டிலேயே கிடந்தது. எடுத்துப் போ என்று யாரும் சொல்லவில்லை.

டெம்போ கிளம்பிய அன்றைக்கு எல்லாம் முடிந்தபின் பிச்சம்மாள் வழக்கம்போல மாசானத்துக்குத் தட்டு வைத்தாள். அவர் டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க அம்மை சாகும்போது என் மாசம் இல்லக்கா," என்றார்.

அதை யாரும் கேட்டிருக்கவில்லை. கை நனைக்காமல் எழுந்து போனார்.