விசிலுக்கு எழும்பிய மாடுகள்

நம்பாதவர்கள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே போய் நல்லரத்தினத்தையே கேட்கலாம். இது அவருக்கு நடந்தது. சண்டை ஓய்ந்த 2009இல் முகாமிலிருந்து திரும்பியவர், நிவாரணமாகக் கிடைத்த பசுக்களை வைத்து ஒரு பட்டி கட்டினார்.

மாடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வேலி பிரியவில்லை. கயிறு அறவில்லை. சேற்றில் நாயின் காலடித் தடம் மட்டும்.

"இது சாமித்தம்பிட வேலை!" என்று கத்தினார்.

சாமித்தம்பியைத் தெரியாத மாட்டுக்காரன் அந்தப் பக்கத்தில் இல்லை. பட்டிக்குள் கால் வைக்காமலே களவெடுப்பவன். தூரத்தில் நின்று ஒரு விசில் அடிப்பான். அவனுடைய செவலை நாய் மணியன் சத்தமில்லாமல் நுழைந்து, நல்ல மாடாகப் பார்த்துப் பிரித்து ஓட்டிப் போகும்.

பொலிசில் சொன்னார். சாட்சி கேட்டார்கள். முள்ளுக்கம்பி அடித்தார். அன்றைக்கும் ஒன்று போனது.

மிஞ்சியது ஒரு சினைப்பசு. பொழுதுபடும் நேரம் பொல்லோடு காவல் இருந்தார்.

விசில் கேட்டது... வாவிப் பக்கமிருந்து.

நாய் வந்தது. மழை இல்லை. ஆனால் அதன் உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பசு எழும்பியது. இறுகக் கட்டிய பட்டி வாசல் படலை திறந்து கிடந்தது.

"ச்சீ... போ!"

ஓங்கி அடித்தார். பொல்லு நாய்க்குள்ளால் போய்த் தரையில் விழுந்தது.

கயிற்றைப் பிடித்தார். பசு அவரையும் வாவிக்குள் இழுத்தது.

முழங்கால் அளவு தண்ணீர்...

இடுப்பளவு...

விசில் இன்னும் முன்னால்.

கயிற்றை விட்டார்.

கொம்புகள் மட்டும் தெரிந்தன. பிறகு அவையும் இல்லை.

"சண்டையில போனது காணாதா? இதையுமா?" வாவியைப் பார்த்துத் திட்டினார். குரல் அழுகையாக உடைந்தது.

விடிந்ததும் தோணி பிடித்துக் கடற்கரைப் பக்கம் போனார். பல வருட இடப்பெயர்வில் அந்தக் கரைச் செய்தி எதுவும் அவருக்கு வந்து சேர்ந்ததில்லை. சாமித்தம்பியின் மனைவி கண்ணகை, வாசலில் ஓர் ஆட்டுக்குட்டிக்குப் பால் பருக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க அவன்? என்ட மாடெல்லாம் தரச் சொல்லு!"

"அவர சுனாமியில கடல் கொண்டு போயிட்டு அண்ணன்."

"பொய் சொல்லாத. நாய் நேத்தும் வந்தது."

அவள் முகம் வெளுத்தது.

"மணியனா? அவர் போன மறுகா, அது ஊர் ஆடுமாட்டையெல்லாம் கடலுக்குள்ள சாய்ச்சிக்கொண்டு போச்சுது. அவருக்கிட்ட குடுக்கிறத்துக்கு. ஏலாமத்தான் என்ட கையால நஞ்சு வச்சன். அந்தா, அந்தத் தென்னைக்குக் கீழதான் தாட்டிருக்கு."

நல்லரத்தினம் தென்னையடிக்குப் போய்ப் பார்த்தார்.

அந்த நல்ல வெயிலில், கடல் பக்கமிருந்து மெல்லிய விசில் ஒன்று வந்தது...

கண்ணகை திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டுக்குட்டியின் இரண்டு காதுகளையும் இறுகப் பொத்தினாள்.