கார் ரேஸ் மிஷினும் என் இடது கையும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்குக் கள்ளக்குறிச்சியில் சொந்த பேக்கரி, சொந்த ஜீப். ரொட்டி ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்கு மலைப்பாதையின் அத்தனை வளைவிலும் நானேதான் ஓட்டுவேன். கார் ரேஸ் பின்பால் மிஷின் வாங்கி வைத்த பேக்கரியும் இந்த ஊரில் என்னுடையது ஒன்றுதான்.

ஆட்டம் சுலபம். ஸ்பிரிங் பிடியை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு மேலே ஓடும். அது இடமோ வலமோ சரிந்து இறங்கும்போது, அந்தப் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் கீழே இருக்கும் தட்டி எழும்பி அடிக்கும். மேட்டுப்பாதையில் குண்டு ஏறினால் ஒரு சுற்று. மூன்று சுற்று ஏறினால் ரேஸ் நமக்கு, சிவப்பு கார் விளக்கு எரியும். மிஷினைப் போட்டு உலுக்கினால் ஆட்டமே அணைந்துவிடும். ஓர் ஆட்டத்துக்கு மூன்றே குண்டு; அதற்குள் விளக்கை எரியவைத்தவன் நான் ஒருவன்தான்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, முதல் குண்டு இடது பக்கமாகவே போய் விழுந்தது. இடது கைதான் ஏமாற்றுகிறதோ என்று பயந்தேன். ஒரு மாதமாக இடது கை விரல்கள் மரத்துப்போய்க்கொண்டிருந்தன. யாரிடமும் சொல்லவில்லை. என் மகள் நர்ஸ். பண்டிகைக்கு வந்திருந்தாள். தெரிந்தால் ஜீப் சாவியைப் பிடுங்கிவிடுவாள். அவள்தான் பக்கத்தில் பன் தின்றுகொண்டு நின்றாள்.

"இன்னாப்பா, அந்தப் பக்கமே வுட்டுக்கினு இருக்க?"

"மிஷினு கோளாறும்மா."

"நேத்து பூஜைக்கு முன்ன நல்லாதான ஓடிச்சி?"

இரண்டாவது குண்டும் அப்படியே போயிற்று. பொத்தானை அழுத்துகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை.

கல்லாவிலிருந்து என் மனைவி கேட்டாள்: "காலுக்கு அடியில வெச்ச எலுமிச்சம்பழத்த எடுத்தீங்களா இல்லியா?"

ஜீப் சக்கரத்துக்கு வைத்தது போக மீதி இரண்டு பழத்தை மிஷினின் வலது கால்களுக்கு வைத்திருந்தேன். ஜீப் உருண்டு நசுக்கியது. மிஷின் எங்கே உருளும்? அரைகுறையாக நசுங்கிய பழத்தின் மேல் ஏறி, இடது பக்கம் சாய்ந்து நின்றது.

"காரு படம் போட்டுக்கினா அது காரா ஆயிடுமாப்பா?" மகள் சிரித்துக்கொண்டே மிஷினைத் தூக்க, மனைவி பழங்களை எடுத்தாள்.

எனக்கு உயிர் வந்தது. கடைசிக் குண்டை விட்டேன். வலது தட்டியால் ஒரு சுற்று, இன்னொரு சுற்று. மூன்றாவது தடவை குண்டு இடது பக்கம் மெதுவாக இறங்கிவந்தது. அழுத்தினேன். குண்டு போன பிறகுதான் தட்டி எழும்பியது.

மகள் சிரிக்கவில்லை. என் இடது கையை எடுத்து விரல் நுனியைக் கிள்ளினாள். எனக்கு வலிக்கவில்லை.

"எத்தினி நாளா இப்பிடி?"

வெளியே ரொட்டி ஏற்றிய ஜீப் நின்றது. சாவியை எடுத்து மிஷின் கண்ணாடிமேல் வைத்தேன்.

"வெள்ளிமலைக்கு இன்னிக்கு நீ ஓட்டும்மா."

"ஆஸ்பத்திரிக்கு ஓட்டறேன். ஏறி குந்துப்பா."