ஆகட்டும் என்றால் யார் ஆக்குவது?

ராஜாமணி அக்காவோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர்களும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்தவர்களும் இருக்கும்போது, தொலைபேசியில் மட்டுமே அவரை அறிந்த நான் எழுத முன்வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. கூட்டத்தில் பேசுவது அதைவிடக் கடினம்.

போன வாரம் வாளையார் டிப்போவிலிருந்து சின்னக்கானல் எஸ்டேட் ஆபீசுக்கு வழக்கம்போல் டிரங்க் கால் போட்டேன். யாரோ ஒரு ஆண் எடுத்தார். "ராஜாமணியம்மா நேத்து தவறிட்டாங்க" என்றார். "திருப்பிச் சொல்லுங்க" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன். அவர் திருப்பிச் சொன்னார்.

தேயிலைத் தொழிற்சாலைக்கு என்ன சாமான் வேண்டுமோ அதை அக்கா தொலைபேசியில் கேட்பார். டிப்போ கிடங்கில் பார்த்து நாங்கள் பதில் சொல்ல வேண்டும். நான் பெருமாட்டி ஊர்க்காரி, எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரிசீவரை எடுத்தால் எனக்குக் குரலே வராது.

"ஏ தாயி, லைன் செத்துருச்சா, நீ செத்துட்டியா?"

"இருக்கேனுங்க்கா."

"இருந்தா மூச்சாவது விடு. நான் இங்க செவுத்தோட பேசிக்கிட்டு இருக்கேன்."

நான் அவரிடம் முதலில் சிரித்தது அன்றைக்குத்தான்.

உங்களில் பலருக்கு அந்த மழைக்காலம் நினைவிருக்கும். இலை உலர்த்தும் இயந்திரத்தின் பெல்ட் அறுந்துபோனது. அக்கா உடனே டிப்போவுக்குச் சொன்னார். 'வரும்' என்று தொழிற்சாலைக்கும் தெரிவித்தார். பெல்ட் வரவில்லை. பறித்த கொழுந்து குவியலாகக் கிடந்து கெட்டது. ராஜாமணி டிப்போவுக்குச் சொல்லவே இல்லை என்று மேலிடம் முடிவுகட்டியது. எல்லார் முன்னாலும் அவரை நிற்கவைத்துத் திட்டினார்கள்.

மறுநாள் எங்களைக் கூப்பிட்டார். அழவில்லை, சண்டையும் போடவில்லை. கோளாறு எந்த இடத்தில் என்று தேடினார். முதலில் எக்ஸ்சேஞ்சில் விசாரித்தார், கால் கிடைத்திருக்கிறது. பிறகு, லைனில் தெளிவாகக் கேட்கிறதா என்று பார்க்க, பெல்ட் விவரத்தை மறுபடி சொல்லி என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார், சரியாகவே சொன்னேன். அன்று கால் எடுத்தவர் எங்கள் கிடங்குப் பொறுப்பாளர் பழனிச்சாமி அண்ணன். அவரையும் கூப்பிடச் சொன்னார்.

"அண்ணே, நான் பெல்ட் கேட்டப்ப என்ன சொன்னீக?"

"ஆகட்டுங்கன்னு சொன்னேனுங்க அம்மிணி."

"ஆகட்டும்னா யாரு ஆக்குறது?"

"அதென்னங்க இப்படிக் கேக்கறீங்க? நீங்க சொன்னது காதுல உளுந்துச்சுன்னு அர்த்தமுங்க. சாமான் இருக்குதுன்னு நான் எப்பச் சொன்னேன்? பெல்ட் இருப்பே இல்லீங்களே."

அக்கா சிரித்தார். எங்கள் பக்கத்தில் 'ஆகட்டுங்க' என்பது கேட்டுக்கொண்டதற்கு அடையாளம். அவருடைய தென்பாண்டிக் காதுக்கு அது வாக்குறுதி. லைன் பழுதில்லை, ஆள் மீதும் தவறில்லை. கேட்டுக்கொண்டேன் என்றதைப் பதில் என்று எடுத்துக்கொண்டதுதான் கோளாறு.

அதன்பின் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டுத் தனியாகக் கூப்பிட்டுப் பதில் சொல்ல வேண்டும். எந்தச் சாமானுக்கான பதில் என்பதை முதலில் சொல்ல வேண்டும். நான் ஒருமுறை வெறுமனே 'அனுப்பியாச்சுங்க்கா' என்றேன். "தலையில்லாத முண்டத்தை அனுப்புறியே, எந்தத் தலையோட ஒட்டவைக்க?" என்றார். பதில் வராமல் மீண்டும் கூப்பிட்டால், "மறுபடி கேக்கேன், புதுசாக் கேக்கல" என்றுதான் தொடங்குவார். இல்லாவிட்டால் ஒரே சாமானை நாங்கள் இரண்டு தடவை லாரியில் ஏற்றிவிடுவோம். அப்படி ஏற்றியும் இருக்கிறோம்.

உண்மையை மேலே சொல்லிவிடலாம் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "வேண்டாம் தாயி. பழி அந்த அண்ணன் மேல திரும்பும். புள்ளகுட்டிக்காரரு. என்னைத் திட்டி முடிச்சாச்சு, போகட்டும்."

ஆனால் அது போகவில்லை. பதில் வராத செய்திக்கெல்லாம் எஸ்டேட்டில் 'ராஜாமணி போன்' என்று பெயர் வந்தது. சம்பள உயர்வு கேட்டுப் பதிலில்லையா, ராஜாமணி போன். பெண் கேட்டுப் போனவர்களுக்குத் தகவலில்லையா, ராஜாமணி போன். அக்காவே அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஒரே ஒருமுறை, பேச்சு முடிந்து ரிசீவரை வைக்கும்முன், "எம்மவனும் அப்படியே சொல்லுதான்" என்றார். அன்று சிரிக்கவில்லை.

பழனிச்சாமி அண்ணன் இப்போது ஓய்வு பெற்று ஊரோடு இருக்கிறார். இறப்புச் செய்தியைச் சொல்லப் போனபோது, "இனி எழுதிப்போடு அம்மிணி, எம்பேரைப் போட்டே எழுது" என்றார். அதனால் எழுதினேன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது என்னவென்றால், இப்போது நான் யாரிடம் எதைக் கேட்டாலும், அவர்கள் தலையாட்டியதை வைத்துக்கொண்டு எழுந்து போவதில்லை.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்தில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்கவைப்பீர்கள். அன்போடுதான் சொல்வீர்கள், எனக்குத் தெரியும். அவருடைய மகன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான். தயவுசெய்து சொல்லாதீர்கள். உங்கள் அம்மா அன்றைக்குப் போன் செய்தார், நாங்கள் கேட்டோம் என்று யாராவது அவனிடம் சொல்லுங்கள்.