சட்டைக்குள் வராத வியாதி

எனக்கு ஏழு வயதாகும்வரை காது குத்தாததற்குக் குலதெய்வக் கோயிலின் பூட்டுதான் காரணம். பங்காளிகள் இரண்டு தரப்பாகப் பிரிந்து ஆளுக்கொரு பூட்டுப் போட்டிருந்தார்கள். அம்மனும் நானும் பொறுமையாகக் காத்திருந்தோம். ஒருவழியாக இரண்டு சாவிகளும் ஒரே நாளில் கோயிலுக்கு வரச் சம்மதித்தபோது புதிய தடை ஒன்று முளைத்தது. அது என் தாய்மாமனின் முகம்.

மொட்டையடித்துக் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தோடும் அவர் கொண்டுவரும் சீர்தான். அம்மாவுக்கு உடன்பிறந்தவர் ஒரே தம்பி. கச்சிராயபாளையத்தில் வாய்க்காலை ஒட்டிக் குத்தகை நிலத்தில் கரும்பு போட்டிருந்தார். சாப்பாடு எங்கள் வீட்டில். அந்த வருடம் அவர் முகம் தடித்துக் கறுத்தது. இமைகள் வீங்கின, கழுத்து வரிவரியாக வெடித்தது. பேசும்போதும் சொறிந்தார், தூங்கும்போதும் சொறிந்தார்.

அரிப்பு எனக்கும் உண்டு. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் சொறிந்து சொறிந்து தோல் சொரசொரவென்று ஆகியிருந்தது. வீட்டில் வியாதிகளை வகை பிரிக்கும் அதிகாரம் பெரியம்மாவிடம் இருந்தது. அரிக்கிற எதுவும் மூன்றில் ஒன்று: கரப்பான், காணாக்கடி, சாமி குத்தம். மேல்முறையீடு கிடையாது. நானும் மாமாவும் கரப்பானில் சேர்க்கப்பட்டோம். கத்தரிக்காய், கருவாடு, கம்பு, வேர்க்கடலை எல்லாம் எங்களுக்கு ஒரே நாளில் நிறுத்தப்பட்டன. குப்பைமேனியை உப்போடு அரைத்துப் பூசினார்கள். எரிந்தது. எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமாம். பின்னாளில் சுகாதாரத் துறை அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நோயாளியின் அலறலைச் சான்றாக ஏற்கும் நடைமுறையை வேறெங்கும் கண்டதில்லை.

கத்தரிக்காயை நிறுத்தியும் மாமாவின் முகம் மசியவில்லை. ஆகவே பெரியப்பா அவரை வேறு வகைக்கு மாற்றினார். வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. மாமாவின் தம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைக்கச் சொன்னார், அவ்வளவுதான். மறுவாரம் டீக்கடையிலும் அவருக்குத் தனித் தம்ளர் வந்தது. பெருவியாதி, அதாவது குஷ்டம், என்று ஊர் புரிந்துகொண்டது. எங்கள் குடும்பத்தில் எப்போதும் தண்டனை முதலில், விசாரணை பிறகு.

மடிக்கு மாற்று ஏற்பாடும் நடந்தது. எலவனாசூர்கோட்டையில் இருந்த அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணனுக்குப் பெரியப்பா ஆள் அனுப்பினார். அந்த மனிதரை நான் ஒரே ஒரு கல்யாணத்தில் பார்த்திருந்தேன். அவர் மடியில் உட்கார மாட்டேன் என்று சாப்பாட்டைத் தள்ளிவைத்தேன். கத்தரிக்காய் இல்லாத குழம்பைத் தள்ளிவைப்பது பெரிய தியாகமில்லை. ஆனாலும் அம்மா பயந்துபோய், யாரிடமும் கேட்காமல் என்னையும் மாமாவையும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றிவிட்டாள்.

சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, தவறான வரிசை என்று தெரிந்து மறுபடி நின்று, மதியத்துக்குச் சற்று முன்பு தோல் டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்தோம். மாமா கண்ணை மூடிக்கொள்ள, அவர் முகத்தில் பஞ்சால் தொட்டு, தொடும் இடத்தைச் சொல்லச் சொன்னார் டாக்டரம்மா. ஒன்றுவிடாமல் சொன்னார் மாமா.

“அரிக்குதா?”

“உயிர் போவுதும்மா.”

“நல்லது. நீங்க பயப்படுற வியாதின்னா அரிக்காது, மரத்துப் போயிடும். சட்டையைக் கழட்டுங்க.”

கரும்புத் தோகை அறுக்கும் என்பதால் மாமா எப்போதும் முழுக்கைக் காக்கிச் சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டுத்தான் வயலில் இறங்குவார். சட்டை கழன்றதும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. காலர் இருந்த இடத்தில் கோடு கிழித்த மாதிரி தடிப்பு நின்றுவிட்டது. அதற்குக் கீழே மார்பும் முதுகும் பளிங்கு. வரப்பில் வெள்ளை வெள்ளையாகப் பொடிப் பூப் பூக்கிற செடி இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டார். வாய்க்கால் நெடுக அதுதான் இருக்கிறது, பிடுங்கப் பிடுங்க வருகிறது என்றார் மாமா. இன்று பார்த்தீனியம் என்று எல்லோரும் சொல்லும் அந்தச் செடிக்கு அன்று எங்கள் பக்கத்தில் பெயர்கூட இல்லை.

தோல் அரிப்பு என்பது ஒரு வியாதியல்ல, ஒரு பெரிய குடும்பம் என்றார் டாக்டரம்மா. உள்ளிருந்து கிளம்புவது ஒரு கிளை. வெளியிலிருந்து வந்து படுவது இன்னொரு கிளை. என்னுடையது முதல் கிளை. பிறவியிலேயே வறண்ட தோல், மடிப்புகளில் பிடிக்கும், வளர வளரக் குறையலாம். மாமாவுடையது இரண்டாவது. காற்றில் வரும் செடித் தூள் படுகிற இடத்தில் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் யாருக்கும் ஒட்டாது. எங்கள் விஷயத்தில் கத்தரிக்காய் நிரபராதி.

இன்னும் இரண்டு விஷயங்கள் சொன்னார். களிம்பு பாதிதான் கேட்கும், அந்தச் செடி இல்லாத ஊரில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தால் முகம் தெளிந்துவிடும் என்று மாமாவிடம் சொன்னார். பிறகு என் மூளிக் காதைப் பார்த்து, “இந்தப் பாப்பாவுக்குக் கவரிங் போட்டுடாதீங்க. இந்தத் தோலுக்குக் காது புண்ணாயிடும். தங்கமாப் பாத்துப் போடுங்க” என்றார்.

மாமா கொஞ்ச நேரம் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். “கவரிங்லயே ஒசத்தியா ஒண்ணு கீதே, அதுகூட ஆவாதாம்மா?” என்று கேட்டார். டாக்டரம்மா தலையை ஆட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது.

பஸ் நிலையத்தருகே ஓட்டலில் கத்தரிக்காய்க் காரக்குழம்பு. “ரெண்டு பேருக்கும் நெறைய ஊத்துப்பா” என்றார் மாமா. விடுதலையின் சுவை எனக்கு இன்றும் புளிப்பும் காரமும்தான்.

வீட்டில் எங்கள் செய்தியைப் பெரியப்பா ஏற்கவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். நான் மாமாவை நச்சரிக்கத் தொடங்கினேன். அவர் சிநேகிதர் ஒருவர் சென்னையில் பேக்கரியில் இருந்தார். அங்கே ஒரு மாதம் போய்விட்டு தெளிந்த முகத்தோடு வந்தால் யார் என்ன சொல்ல முடியும்?

“கரும்பு வெட்டட்டும் பாப்பா” என்றார்.

ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வருவதாக இல்லை. கேட்கும்போதெல்லாம் அதே பதில். மாமாவுக்குத் தன் முகத்தைவிடக் கரும்புதான் உசத்தி என்று முடிவுகட்டி, இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். காதுகுத்துக்குச் சில நாள் முன்புதான் கரும்பு ஆலைக்குப் போய், மாமா கைக்குப் பணம் வந்தது. அதற்குள் மாமாவின் முகம் முன்பைவிட மோசமாகியிருந்தது.

கோயில் பந்தலில், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நான் நின்றேன். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எலவனாசூர்கோட்டைக்காரர் பட்டுச் சட்டையில் மணைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மாமா தாம்பாளத்தோடு வந்து நின்றார்.

“பொம்பளப் புள்ள. நாளைக்கு அதுக்கும் ஒட்டிக்கினா எவன் கட்டுவான்? சீர வெச்சிட்டுப் போப்பா” என்றார் பெரியப்பா.

மாமா தாம்பாளத்தைக் கீழே வைத்தார். சட்டையைக் கழற்றி ஆசாரியின் பெட்டிமேல் போட்டுவிட்டுப் பெரியப்பா பக்கம் திரும்பினார்.

“நல்லாப் பாருங்க மாமா. பெருவியாதி காலர் பட்டனப் பாத்தா நின்னுக்கும்? வெளிய இருந்து வர்ற சனியன், வெளியவே நின்னுக்கினு கீது. உங்க தம்ளரையெல்லாம் நீங்களே வெச்சிக்கோங்க. எங்கக்கா பொண்ணு எம் மடியிலதான் குந்தும்.”

பந்தலை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பட்டுச் சட்டைக்காரரின் தோளில் பொடுகு உதிர்ந்துகொண்டிருந்தது. பெரியப்பாவின் கணுக்கால், நரம்பு சுருண்டு, கறுத்து, அரித்துக்கொண்டிருந்தது. சவுக்காரத்தில் பாத்திரம் துலக்கிய பெரியம்மாவின் விரல்கள் வெடித்திருந்தன. பந்தக்கால் நட்டவரின் காலில் காசு காசாக வட்டப் புண். எல்லாம் டாக்டரம்மா சொன்ன அதே குடும்பம், வேறு வேறு கிளைகள். என் மாமாவுக்கு மட்டும் அது முகத்தில் வந்துவிட்டது. குற்றம் அவ்வளவுதான்.

பெரியவர்கள் முடிவெடுக்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. பட்டுச் சட்டைக்காரரிடம், “எழுந்திரு, அது எங்க மாமா எடம்” என்றேன். மொட்டைத் தலைக்கு ஒரு அதிகாரம் உண்டு போலிருக்கிறது. அவர் எழுந்துவிட்டார். மாமா உட்கார்ந்ததும் அவர் மடியில் ஏறி, வெறும் மார்பில் சாய்ந்துகொண்டேன். பெரியம்மா தாம்பாளத்திலிருந்த தோட்டை எடுத்து, கையில் எடைபார்த்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நெசத் தங்கமாடா?”

“வேணும்னா ஒரசிப் பாருக்கா” என்றார் மாமா.

மறுவாரம் அவர் சென்னைக்கு பஸ் ஏறினார். முன்பே போயிருந்தால் இத்தனை சண்டை எதற்கு என்று, குத்திய காதைப் பிடித்துக்கொண்டு நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் தோட்டின் திருகைச் சரிசெய்தாள். நிலத்தை விட்டு விலகினால் முகம் தெளியும் என்பதும், கவரிங் போட்டால் என் காது புண்ணாகும் என்பதும் ஒரே மேசையில், ஒரே வாயிலிருந்து வந்தவை. இரண்டையும் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டேன். ஒன்றுக்காக அவர் இன்னொன்றை விட்டார் என்பது மட்டும் அன்று எனக்குத் தெரியவில்லை.

என் காது ஒருநாளும் புண்ணானதில்லை.