பதில் வரும்வரை

வசந்தா டீச்சர் இறந்துவிட்டார் என்று மீஞ்சூரிலிருந்து அவர் கணவர் போனில் சொன்னபோது நான் வகுப்பில் இருந்தேன். பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள எங்கள் தொடக்கப்பள்ளிக்கு நாங்கள் இருவர்தான் ஆசிரியர்கள். அவர் மருத்துவமனையில் சேர்ந்த பிறகு நான் ஒருத்திதான். பிள்ளைகளைத் தனியே விட்டுப் புறப்பட முடியவில்லை. மாலையில் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவரோடு பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அவர் இங்கே விரும்பி வந்தவரல்ல. பொன்னேரி வரை ரயில், பிறகு பேருந்து, அதற்கப்புறம் ஷேர் ஆட்டோ. வீட்டில் பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியார். ஆண்டுதோறும் இடமாறுதல் கேட்பார், கிடைக்காது. "நான் இங்க மாட்டிக்கினேன், பசங்க என்னாண்ட மாட்டிக்கினாங்க. அதுக்காக அவங்கள சும்மா உக்கார வெக்க முடியுமா?" என்பார்.

ஒருமுறை ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். மாறுதலுக்கு அவருடைய பரிந்துரை தேவை. டீச்சர் ஐந்தாம் வகுப்பில், "மழைக்காலத்துல ஏரித் தண்ணி அவ்ளோவா கரிக்கலியே, அந்த உப்பு எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டு, தோணிரேவு கிராமத்துப் பெண் பவானியைப் பார்த்தார். வகுப்பில் வாயே திறக்காதவள் அவள். டீச்சர் காத்திருந்தார்.

"இன்னா டீச்சர், நேரம் போவுதில்ல? பதில போர்டுல எழுதிப் போடுங்க" என்றார் அதிகாரி.

"கொஞ்சம் இருங்க சார். அவ யோசிக்கிறா."

அதிகாரியின் முகம் மாறியது. பவானி எழுந்தாள். "உப்பு எங்கியும் போவல டீச்சர். தண்ணிதான் ஜாஸ்தியாச்சு."

"நீ இன்னாடி சொல்ற?" என்று டீச்சர் அடுத்தவளைக் கேட்டார்.

"கொஞ்சம் கடலுக்கும் போவும்னு எங்க நைனா சொல்லுவாரு."

அதன்பின் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் என்று எழுதிவிட்டு அதிகாரி கிளம்பினார். மாறுதல் அந்த ஆண்டும் வரவில்லை.

அன்று பேருந்து நிறுத்தத்தில் டீச்சர் அழுதார். "அவ வாயத் தொறந்துட்டா. எனக்குத்தான் வழி அடைச்சிப்போச்சு" என்றார். மறுநாளும் வந்தார்; கேள்வி கேட்டார்; காத்திருந்தார். கடைசிவரை இதே பள்ளிதான்.

இப்போது ஐந்து வகுப்புகளும் ஒரே அறையில் என்னோடு இருக்கின்றன. நானும் மாறுதல் கேட்டிருக்கிறேன். வேறு ஆள் வரும்வரை விடமாட்டார்களாம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம்: பிள்ளை சரியாகச் சொன்னாலும் 'சரி' என்று உடனே முடித்துவிடாமல், "எப்டி கண்டுபுடிச்ச?" என்று கேட்பது. அவர்கள் சொல்லச் சொல்ல, நான் எங்கே மாட்டியிருக்கிறேன் என்பது சற்று நேரம் மறந்துபோகிறது.